வைஃபை குறித்து நான் கொடுத்த மூன்று புகார்கள்

வருவாய்த் துறையில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்து, துணை வட்டாட்சியராக ஓய்வு பெற்றவன் நான். பிறர் எழுதிய புகார்களைப் படித்தே பாதி ஆயுள் போயிற்று. எப்படி எழுதிய புகார் குப்பைக் கூடைக்குப் போகும், எப்படி எழுதியது மேலே ஏறிப் போய் ஓர் ஆளைக் கீழே தள்ளும் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. ஓய்வுக்குப் பிறகு அந்தத் திறமையை ஒரே ஒரு விஷயத்தில்தான் முழுதாகக் காட்டினேன். அதில் எங்கள் வீட்டுக்கு இணையம் கொடுத்த கேபிள்காரரின் வேலை போயிற்று. தவறு அவருடையதல்ல, என்னுடையது. அதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

எங்கள் வீடு தஞ்சாவூருக்கு வெளியே, சில வருடங்கள் முன்புவரை நாற்றங்காலாக இருந்த இடத்தில் மனை போட்ட ஒரு நகரில் இருக்கிறது. அந்த நஞ்சை மனையாக மாறிய கோப்பு என் மேசை வழியாகத்தான் போனது. அதைப் பற்றி இப்போது பேசப்போவதில்லை. ஒரு நாளைக்கு ஒரு வெட்கம் போதும்.

ஓய்வு பெற்றதும் ஒரு மடிக்கணினி வாங்கினேன். பழைய சகாக்கள், அக்கம்பக்கத்தார், அவர்களுக்குத் தெரிந்தவர்கள் என்று தினமும் யாராவது வருவார்கள். வாழ்நாள் சான்று, பட்டா மாறுதல், வில்லங்கச் சான்று எல்லாவற்றுக்கும் இணையத்தில் விண்ணப்பம் போட்டுக் கொடுப்பேன். காசு வாங்குவதில்லை. "சாருக்குத் தெரியாத ப்ரொசீஜரே கிடையாது" என்று அவர்கள் சொல்வதைக் கேட்டுக்கொள்வேன். அதுதான் கூலி. கொஞ்சம் அதிகமான கூலிதான்.

இணைப்புக் கொடுக்க வந்தவருக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். பாபநாசத்துக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து பைக்கில் வருபவர். கழுத்தில் கறுப்புக் கயிற்றில் சின்னச் சிலுவை. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய்விட்டுப் பத்து மணிக்குமேல் வரட்டுமா என்று முன்கூட்டியே கேட்டுக்கொண்டு வந்தார். வீட்டுக்குள் வைஃபையைப் பரப்பும் ரவுட்டர் பெட்டியைச் சுவரில் மாட்டிவிட்டு, என் மடிக்கணினியை இணைக்கக் கை நீட்டினார். நான் கொடுக்கவில்லை.

"நானே பண்ணிக்குவேங்க. இதுக்கு நம்பர் கொடுக்கணும்."

"ஆட்டோமேட்டிக்லயே விட்டுடுங்க சார். அதுவே ஒரு நம்பர் கொடுத்துக்கும்."

"அதுவே எல்லாம் பாத்துக்கிட்டா நாம எதுக்குங்க இருக்கோம்?"

அவர் சிரித்தார். நல்ல சிரிப்பு. வீட்டு வைஃபையில் சேரும் ஒவ்வொரு கருவிக்கும் கதவு எண் போல ஓர் எண் உண்டு; அவர் கிளம்பிய பிறகு மடிக்கணினிக்கு ஐந்தாம் எண்ணை நானே எழுதி வைத்தேன். எங்கள் அலுவலகத்துக்குக் கணினிகள் வந்த காலத்தில் ஒவ்வொன்றுக்கும் ஒரு நிரந்தர எண் உண்டு. அந்தப் பட்டியலுக்குப் பொறுப்பாளன் நான்தான். எண் இல்லாத கணினி எனக்குப் புறம்போக்கில் குடிசை போட்டவன் மாதிரித் தெரியும். என் கணினிக்கு நானே பட்டா கொடுத்த திருப்தியில் அன்றைக்கு நன்றாகச் சாப்பிட்டேன்.

ஒரு மாதம் ஒன்றும் ஆகவில்லை. என் மனைவி அப்போது தன் பழைய போனில், சிம் கம்பெனி கொடுத்த இணையத்தையே பயன்படுத்திக்கொண்டிருந்தாள். பிறகு எங்கள் மகள் அவளுக்குப் புதுப் போன் வாங்கிக் கொடுத்து, வீட்டு வைஃபையில் சேர்த்துவிட்டுப் போனாள். அதற்குப் பிறகுதான் தொல்லை தொடங்கியது. இரண்டும் ஒரே வாரத்தில் நடந்தன என்பது எனக்கு வெகுநாள் உறைக்கவில்லை.

விண்ணப்பத்தில் கடைசிப் பக்கம் வரை போயிருப்பேன். வட்டம் ஒன்று சுற்றத் தொடங்கும். பிறகு இணைப்பு இல்லை என்று வரும். எதிரே உட்கார்ந்திருப்பவர் மரியாதையாக ஜன்னலைப் பார்ப்பார். சில நிமிடத்தில் தானே வரும், மறுபடி போகும்.

செய்ய வேண்டியதையெல்லாம் முறைப்படி செய்தேன். கணினியை அணைத்துப் போட்டேன். ரவுட்டரை அணைத்துப் போட்டேன். வைஃபை பெயரை மறக்கச் சொல்லி, மறுபடி கடவுச்சொல் கொடுத்துச் சேர்த்தேன். மின்சாரத்தைச் சேமிப்பதற்காக வைஃபையை அணைக்கும் ஏற்பாட்டை எடுத்துவிட்டேன். டிரைவர் என்ற மென்பொருளைப் புதுப்பித்தேன். இரும்பு பீரோவுக்கு அருகில் இருந்த ரவுட்டரைக் கழற்றி எதிர்ச் சுவருக்கு மாற்றினேன். நான் எழுதி வைத்த எண்ணை மட்டும் தொடவில்லை. மேலதிகாரி போட்ட உத்தரவைக் கீழே இருப்பவன் கேள்வி கேட்பதில்லை. இங்கே இரண்டு பேரும் நானே.

கேபிள்காரரைக் கூப்பிட்டேன். காலை பதினோரு மணிக்கு வந்தார். இணையம் காவிரியில் புதுத் தண்ணீர் போல ஓடியது.

"என்னங்க இது, நீங்க வந்தா மட்டும் ஒழுங்கா இருக்கு?"

"என்னைப் பாத்தா பயம் போலிருக்கு சார்," என்றார்.

இரண்டாம் முறையும் அதே பதினோரு மணி. அப்போதும் நன்றாக இருந்தது. ஆனாலும் அவர் விடவில்லை. வெளியே ஐப்பசித் தூறல். கம்பத்தில் ஏணி சாத்தி ஏறி, எங்கள் வீட்டுக்கு வரும் கேபிளின் முனையை வெட்டிப் புதிதாகப் போட்டார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. மனைவி வீட்டில் இருந்திருந்தால் ஒரு துண்டாவது கொடுத்திருப்பாள். அவளுடைய அக்கா இடுப்பு எலும்பு முறிந்து அடுத்த தெருவில் படுத்திருந்ததால், இவள் தினமும் பத்து மணிக்குப் போய் ஒரு மணிக்குத்தான் திரும்புவாள். நான் துண்டு கொடுக்கவில்லை. வாசலில் நின்று, "சரியா போச்சா?" என்று கேட்டேன்.

அன்று மாலை மறுபடி அறுந்தது.

மூன்றாம் முறை அவர் வந்தபோது என் முன்னறையில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். எனக்குக் கீழே தலைமை எழுத்தராக இருந்தவர். கேபிள்காரர் ரவுட்டரைப் பார்த்தார், தன் போனில் வேகத்தைப் பார்த்தார், சற்றுத் தயங்கினார்.

"சார், கோச்சுக்காதீங்க. லைன்ல ஒரு குறையும் இல்ல. லேப்டாப்புல செட்டிங் எதாச்சும் மாத்தினீங்களா?"

பழைய தலைமை எழுத்தர் முந்திக்கொண்டார். "அவர்கிட்டயே செட்டிங் கேக்குறீங்களா? தாலுகா ஆபீஸ் கம்ப்யூட்டர் பூரா அவர் கையிலதாங்க இருந்துச்சு!"

ஐந்தாம் எண் அந்த நொடியில் என் நினைவுக்கு வந்தது. வந்ததை நான் உட்காரச் சொல்லவில்லை. "நான் எதையும் மாத்தலை" என்றேன். மாற்றுவது வேறு, முதலிலேயே வைப்பது வேறு என்று உள்ளுக்குள் ஒரு விளக்கம் தயாராக இருந்தது. விளக்கம் தயாரிப்பதில் எனக்கு நல்ல பயிற்சி.

"ஒரு தடவ நான் பாத்துடட்டுமா சார்?"

"வேண்டாங்க. அதுல பலபேரோட ஆதார், பட்டாவெல்லாம் இருக்கு."

"சரி சார்" என்று கிளம்பினார். அவர் முதுகைப் பார்த்தபோது கோபம் வந்தது. விருந்தாளி முன்னால் என்னைக் கேள்வி கேட்டுவிட்டார் என்ற கோபம். அந்தக் கோபத்துக்குக் காகிதம் தேவைப்பட்டது.

முதல் புகார் அந்தக் கேபிள் நிறுவனத்தின் தஞ்சாவூர் அலுவலகத்துக்கு. இரண்டாவது புகாரில் முதல் புகாரைப் பார்வையில் காட்டி, இணைப்பாக ஓர் அட்டவணை வைத்தேன். வரிசை எண், எந்த நாள், எத்தனை மணிக்கு அறுந்தது, எத்தனை மணிக்கு வந்தது என்று நான்கு பத்தியில், ஒரு அடித்தலும் இல்லாமல். மூன்றாவது, தலைமை அலுவலகத்துக்கு நகலுடன். அதில் இருந்த ஒரு வாக்கியம் இன்றும் மனப்பாடமாக இருக்கிறது. "பணியாளர் போதிய கவனமின்றி நடந்துகொண்டதோடு, தனது இயலாமையை மறைக்கும் நோக்கில் பழியை வாடிக்கையாளர் மீது சுமத்த முயன்றார்." இதே போன்ற வாக்கியங்களை மனுக்களில் எத்தனை முறை படித்து, எழுதியவனின் வன்மத்தை மோப்பம் பிடித்திருக்கிறேன்! என் கையெழுத்தில் அந்த வாடை எனக்கு அடிக்கவில்லை. மடிக்கணினியின் அமைப்பில் என்னால் எவ்வித மாற்றமும் செய்யப்படவில்லை என்றும் ஒரு வரி சேர்த்தேன்.

மூன்றாவது புகாரை அனுப்பி நான்கு நாள் இருக்கும். அட்டவணையில் அன்றைய கணக்கை எழுதிக்கொண்டிருந்தேன். அக்கா வீட்டிலிருந்து மனைவி வந்தாள். கூடையை வைத்தாள், போனை எடுத்தாள். என் திரையில் வட்டம் சுற்றியது.

"பாரு, போச்சு. ஒண்ணு இருபது."

"நான் வந்தாலே உங்களுக்கு ஏதாவது ஒண்ணு அறுந்துதான் போவுது" என்றாள் அவள், போனிலிருந்து கண்ணை எடுக்காமல்.

வேடிக்கைக்குச் சொன்னாள். நான் அட்டவணையைப் பார்த்தேன். காலை ஆறேகால், அவள் எழுந்து போனைப் பார்க்கும் நேரம். பகல் ஒன்று இருபது, அவள் திரும்பும் நேரம். மாலை ஐந்தரை, மகள் கூப்பிடும் நேரம். பத்து மணியிலிருந்து ஒரு மணி வரை ஒரு பதிவுகூட இல்லை. கேபிள்காரர் வந்த நேரமெல்லாம் அதற்குள் அடங்கியது. நான்கு பத்தி போட்டு, நானே கையெழுத்து வைத்து, எனக்கெதிராக நானே தயாரித்த சாட்சியம்.

அவள் போனை வாங்கி எண்ணைப் பார்த்தேன். ஐந்து.

நடந்தது இதுதான். ரவுட்டர் தன்னிடம் வரும் ஒவ்வொரு கருவிக்கும் காலியான எண் ஒன்றைக் கொடுக்கும். ஐந்தாம் எண்ணை நான் எடுத்துக்கொண்ட செய்தி அதற்குத் தெரியாது. நான் சொல்லவில்லை. அதனால் அது ஐந்தை மனைவியின் போனுக்குக் கொடுத்துவிட்டது. போனை அவள் கையில் எடுக்கும்போதெல்லாம் இரண்டும் ஒரே எண்ணுக்கு அடித்துக்கொண்டன. நான் பட்டா கொடுத்தேன், கிராமக் கணக்கில் ஏற்றவில்லை. கணக்கில் ஏறாத பட்டா செல்லாது என்று எத்தனை குடியானவர்களை நான் வாசலோடு திருப்பி அனுப்பியிருக்கிறேன்! இதே எண்ணை வேறு ஒரு கருவியும் வைத்திருக்கிறது என்று திரையின் மூலையில் ஒருமுறை எச்சரிக்கைகூட வந்தது. படிக்காமலே மூடினேன்.

"என் போன்லயும் அடிக்கடி சுத்திக்கிட்டுதான் இருக்கும்" என்றாள் மனைவி. "நான் கீழ வச்சிட்டு அடுப்பைப் பாக்கப் போயிடுவேன்."

அவள் யாருக்கும் எழுதவில்லை.

எண்ணை எடுத்துவிட்டு ஆட்டோமேட்டிக்கில் போட்டேன். அரை நிமிட வேலை. அன்று மாலை மகள் ஒரு மணி நேரம் பேசினாள். என் கணினியில் ஒரு வட்டமும் சுற்றவில்லை.

மறுநாள் காலை கேபிள் அலுவலகத்தின் மேலாளர் பேசினார். இளம் பெண்ணின் குரல்.

"சார், உங்க மூணாவது கம்ப்ளைன்ட் ஹெட் ஆபீஸ்லேந்து இங்க வந்திருக்கு. எங்க ஆளு லேப்டாப்புல ஏதோ இருக்குங்குறாரு. நீங்க இல்லேங்கறீங்க. எதை எடுத்துக்கறது சார்?"

சொல்லியிருக்கலாம். இரண்டு வாக்கியம். என் வாய் வேறு பாதை கண்டுபிடித்தது. "எல்லாம் எழுத்துல கொடுத்திருக்கேங்க."

"அப்ப கம்ப்ளைன்ட் நிக்குதுங்களா சார்?"

"பரிசீலனை பண்ணி முடிவெடுங்க" என்றேன். பொய்யும் இல்லை, உண்மையும் இல்லை. கோப்பில் அப்படி ஒரு குறிப்பை எழுதினால் யாரும் நம்மைக் குறை சொல்ல முடியாது.

அடுத்த ஒரு வாரம் இணையம் ஒரு நொடிகூட அறுந்துபோகவில்லை. அறுந்தால் நன்றாக இருக்குமே என்று காத்திருந்தேன். கேபிளில் உண்மையாகவே ஒரு குறை இருந்துவிட்டால் நான் தப்பித்தேன். வருபவர்களுக்கு விண்ணப்பம் மளமளவென்று முடிந்தது. "இப்ப சூப்பரா போவுதே சார், புகார் பண்ணினீங்களா?" என்று தலைமை எழுத்தர் கேட்டார். "ம்" என்றேன். "அப்படித்தான் சார், எழுத்துல கொடுத்தாதான் பயப்படுவானுங்க."

எட்டாம் நாள் வேறு ஒருவர் வந்தார், இணைப்பைச் சோதித்துக் கையெழுத்து வாங்க. வழக்கமாக வருபவர் எங்கே என்று கேட்டேன்.

"அவர நிறுத்திட்டாங்க சார். ஒரே வீட்டுலேந்து எழுத்துல மூணு கம்ப்ளைன்ட் வந்தா அப்படித்தான்." கையெழுத்துப் போட வேண்டிய இடத்தை விரலால் காட்டினார். "அவரு ஒண்ணும் சண்டையெல்லாம் போடல சார். அந்த சார் பெரிய ஆபீசரா இருந்தவரு, பொய் சொல்ல மாட்டாரு, எனக்குத்தான் எதோ புடிபடலன்னு சொல்லிட்டுப் போனாராம்."

கையெழுத்துப் போட்டேன்.

அன்று பிற்பகல் ஒரு கடிதம் எழுதினேன். "குறை நிவர்த்தியாகிவிட்டபடியால், பார்வையில் கண்ட புகார்களை முடிக்கப்பட்டதாகக் கருதலாம்." மனைவி மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தாள்.

"நிவர்த்தி ஆயிடுச்சா? யாரு பண்ணினா?"

கடிதத்தைத் திரும்ப வாங்கக் கை நீட்டினேன்.

"என்னங்க, இத படிச்சா அந்தத் தம்பி தப்பு பண்ணி, அப்புறம் திருத்திக்கிட்ட மாதிரி இருக்கு. இதுக்கு நீங்க எழுதாமலே இருக்கலாம்."

கிழித்துவிட்டு வேறொன்று எழுதினேன். தவறு என் மடிக்கணினியில் இருந்தது, எண்ணை வைத்தவன் நானே, பணியாளர் மீது எந்தக் குறையும் இல்லை. நேரில் எடுத்துக்கொண்டு போனேன். மேலாளர் படித்தார். கவுன்டரில் இன்னும் நாலு பேர் நின்றிருந்தார்கள். "இத இப்படியே மேல அனுப்பலாமா சார்?" என்று கேட்டார். அதற்குத்தான் எழுதினேன் என்றேன். அவரைத் திரும்ப எடுக்கச் சொல்லி எழுதுவதாகவும், ஆனால் தஞ்சாவூரில் அவர் இடத்தில் ஆள் போட்டாகிவிட்டது, திருத்துறைப்பூண்டியில்தான் ஒரு இடம் காலி என்றும் சொன்னார். பாபநாசம் எங்கே, திருத்துறைப்பூண்டி எங்கே. தினம் பைக்கில் போய்வரும் தூரமா அது?

கேபிள்காரரின் ஊருக்குப் போனேன். மூன்று மா நிலம் குத்தகைக்கு எடுத்துச் சம்பா போட்டிருந்தார். அதாவது ஒரு ஏக்கர். வயலில் இறங்கி, மழையில் தேங்கிய தண்ணீரை வடிக்க வரப்பில் மடை வெட்டிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் மண்வெட்டியை வைத்துவிட்டு, கட்டியிருந்த கைலியை இறக்கிவிட்டார். அந்த மரியாதையை என்னால் தாங்க முடியவில்லை.

"வாங்க சார். இவ்வளவு தூரம் ஏன் சார்? ஆபீஸ்ல சொன்னாங்க, லெட்டர் கொடுத்தீங்கன்னு."

"என் தப்புங்க. நம்பரை நானே வச்சிட்டேன்."

"விடுங்க சார். எல்லாருக்கும் வர்றதுதான். நானும் அன்னிக்கே விடாம கேட்டிருக்கணும்." பிறகு வாய்க்காலைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "அன்னிக்கு நான் கேட்டப்ப, அது உங்களுக்கு ஞாபகம் இல்லாம போச்சு போல."

அவர் எனக்கு ஒரு வழி விட்டுக் கொடுக்கிறார் என்று தெரிந்தது. அதில் நடந்து போய்விடலாம். வயதானவன், மறதி, யாரும் குறை சொல்லப் போவதில்லை.

"ஞாபகம் வந்துச்சுங்க" என்றேன். "கேட்ட உடனே வந்துச்சு. என் பழைய கிளார்க் உக்காந்திருந்தாரு, அதனால சொல்லல. அப்புறம் குறை எங்கன்னு தெரிஞ்ச மறுநாள் உங்க ஆபீஸ்லேந்து போன் பண்ணினாங்க. அப்பவும் சொல்லல."

அவர் என்னை நேராகப் பார்த்தார். முதன்முறையாகப் பார்ப்பதுபோல இருந்தது. முகத்தில் கோபம் வரும் என்று காத்திருந்தேன். வந்திருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும்.

"நான் மழையில ஏறினேனே சார்" என்றார்.

அவ்வளவுதான். மண்வெட்டியை எடுத்துக்கொண்டு இரண்டு எட்டு வைத்தவர், திரும்பினார். "இத லெட்டர்ல எழுதுனீங்களா?"

"இல்ல."

அவர் தலையை ஆட்டிவிட்டு மடைக்குப் போனார். நான் சற்று நேரம் வரப்பிலேயே நின்றேன்.

வீட்டுக்கு வந்ததும் எழுதினேன். பணியாளர் கேட்டபோது எண்ணை வைத்தது நினைவில் இருந்தும் மறைத்தேன் என்றும், மேலாளர் தொலைபேசியில் கேட்டபோது உண்மை தெரிந்தும் புகாரை நிற்கவிட்டேன் என்றும், மூன்றாவது புகாரில் பணியாளரின் நடத்தை பற்றி எழுதியது கோபத்தில் எழுதிய பொய் என்றும் எழுதினேன். தலைமை அலுவலகத்துக்கும் நகல் அனுப்பினேன். மற்றொரு நகலைப் பழைய தலைமை எழுத்தரிடம் படிக்கக் கொடுத்தேன். அவர் பாதியில் நிறுத்தி, "இதெல்லாம் எதுக்கு சார் எழுத்துல?" என்றார். அதன் பிறகு அவர் வருவது குறைந்துவிட்டது.

சம்பா கதிர் வாங்கும் நேரத்தில் கேபிள்காரருக்குத் தஞ்சாவூர் வேலையே திரும்பக் கிடைத்தது. மேலாளர்தான் போன் செய்து சொன்னார். எங்கள் நகரில் நான்கு தெரு. மூன்று தெருவுக்கு அவர்தான் வருகிறார். எங்கள் தெருவுக்கு மட்டும் வேறொருவர். கேபிள்காரரே அப்படிக் கேட்டு வாங்கிக்கொண்டாராம். அந்த ஒரு விஷயத்தை மட்டும் வாய்மொழியாகச் சொல்லாமல், எழுத்தில் கொடுத்தாராம்.